கதவில் ஒட்டிய பச்சைப் பொட்டு

“கோவத்தில நான் பொட்டைக் கதவில ஒட்டிப்போட்டன்” என்றார் அண்ணை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகர டிராமில் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவருக்கும் பக்கத்திலிருந்த அக்காவுக்கும் ஒரே விடுமுறைப் பூங்கா வளாகத்தில் வீடுகள்.

“பராமரிப்புக் கட்டணத்தை மாத்தப் பூங்கா நிர்வாகம் கருத்துக் கேட்ட கூட்டத்திலயோ?” என்று கேட்டார் அக்கா.

“ஓம். ஆளுக்கொரு பச்சைக் காகிதப் பொட்டுத் தந்து, விருப்பமான திட்டப் பலகையில ஒட்டச் சொன்னவை. மூண்டு பலகை. மூண்டிலயும் கட்டணம் கூடுது.”

“வேண்டாம் எண்டு சொல்ல ஒரு பலகை இல்லையோ?”

“இல்லை. அதுதான் எல்லாரும் மண்டப வாசல் கதவில ஒட்டிப்போட்டு வந்தனாங்கள்.”

“நல்ல வேலை! பிறகு?”

“மக்கள் விருப்பப்படி மண்டபத்துக்குப் புதுக் கதவு போடப் போகினமாம். அதையும் கட்டணத்தில சேர்த்திட்டினம்.”

அக்கா பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

“நல்ல காலம், யன்னல்ல ஒருத்தரும் ஒட்டேல்லை.”