விருந்தாளி அறையின் சிலிண்டர்

எங்கள் கோரிமாயுவில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், உருளைக்கிழங்குதான் வேகாது. பொலிவிய மலையில் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் குடியிருந்தால் இதற்கெல்லாம் பழகிக்கொள்ள வேண்டியதுதான். நீங்களும் இந்த ஊர்க்காரர், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

கால்பந்து மைதானத்தில் விருந்தாளி அணியின் உடைமாற்றும் அறை என் பொறுப்பு. கீழே சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த உயரத்துக் காற்றில் மூச்சுத் திணறும் என்பதால், அந்த அணிக்கு ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் வைப்பது வழக்கம். ஆடி முடித்ததும் அதைச் சுற்றி உட்கார்ந்து, முகமூடியை அழுத்திக்கொண்டு உறிஞ்சுவார்கள். எல்லாம் இளங்காளைகள். எச்சிலும் சளியும் ஒழுகும். அந்த முகமூடிகளைக் கழுவுகிறவன் நான். குமட்டிக்கொண்டு வரும். எங்கள் சுரங்கத்து ஆள் களைப்புத் தெரியாமலிருக்கக் கோகா இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு நாள் முழுக்கப் பாறை உடைக்கிறான். இவர்களுக்குப் பந்து உதைத்ததற்கு இத்தனை சீராட்டு.

அதனால் ஆட்டம் தொடங்கியதும் வால்வைக் கொஞ்சம் திறந்து விட்டுவிடுவேன். முடிவதற்குள் எல்லாம் போய்விடும். பல வருடமாகச் செய்கிறேன், யாரும் சாகவில்லை. வெறும் சிலிண்டரை உறிஞ்சிவிட்டு, "இப்பத்தான் உசுரு வந்துச்சு" என்றவர்கள்கூட உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை சமவெளியில் சாண்டா குரூஸ் பக்கத்து அணி வந்திருந்தது. ஹுஸ்தினியானோ என்கிற பையன் ஆட்டம் முடிந்து உள்ளே வந்ததும் பெஞ்சில் சரிந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. வாயில் இளஞ்சிவப்பாக நுரை தள்ளியது. அந்த அசிங்கத்தையும் நான்தான் துடைத்தேன். சிலிண்டர் காலி. அவர்களுடைய டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, வேற சிலிண்டர் இருக்கா? சீக்கிரம் சொல்லுங்கண்ணே, பையன் போயிருவான்."

"இல்லீங்க டாக்டர். இருந்ததே இது ஒண்ணுதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் அணியின் அறை. அங்கே போர்வைக்கு அடியில் இரண்டு சிலிண்டர்கள் உண்டு. எங்கள் பையன்களும் இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்தால் உறிஞ்சுகிறார்கள். அடுத்த ஆட்டத்துக்குள் உடம்பு தேற வேண்டுமாம். ஊருக்கு இது தெரியாது. சமவெளிக்காரனைப் பார்த்து, "தம்பிக்குப் பால்புட்டி கொண்டாங்கடா" என்று கேலரியிலிருந்து கத்துகிற ஊர் இது. தெரிந்தால் காறித் துப்பும்.

டாக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது நான் எங்கள் அணியின் அறைக்குப் போனேன். எங்கள் கேப்டன் பொன்சியானோ முகமூடியோடு சாய்ந்திருந்தான்.

"பக்கத்துல என்னண்ணே சத்தம்?"

"ஒருத்தனுக்கு மூச்சு முட்டுது."

"சமவெளிக்காரப் பயலுக்கு வேற என்ன வரும். கதவச் சாத்துங்கண்ணே, நம்மள இந்தக் கோலத்துல எவனாச்சும் பாத்தா மானம் போயிரும்."

சாத்தினேன். வெளியிலிருந்து பூட்டவும் செய்தேன். திரும்பி வந்து அந்தப் பையனின் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். அவன் என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தான். ஆம்புலன்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் பிடி தளர்ந்துவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களாவது கூட இருந்தீங்களே அண்ணே" என்று அழுதார்.

வால்வைத் திறந்தது நான். இருந்ததை இல்லை என்று சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பூட்டிய அறையில் யார் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள், ஐயா. அந்தப் பையன் உயிரைக் கொடுத்து நம் ஊர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அதை நாம் வீணாக்கக் கூடாது.