எப்போதும் பதினாறு

எனக்குக் கமாண்ட் லைன் புரோகிராம்கள்தான் பிடிக்கும், ஐயா. படம், பொத்தான் என்று எந்த அலங்காரமும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். எங்கள் உழவர் குழுவின் நெல் கொள்முதல் களத்துக்கும் அப்படி ஒன்றைத்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு வரி தட்டினால் நெல்லின் ஈரப்பதத்தைச் சொல்லும். பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் வாங்கக் கூடாது.

என் புரோகிராம் ஈரப்பத மீட்டரைத் தானாகத் தேடிக்கொள்ளாது. எந்த மீட்டர் என்று நாம்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பார்கள், நல்ல பழக்கம். சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு பொய் மீட்டரும் எழுதியிருந்தேன். எந்த நெல்லுக்கும் அது பதினாறு என்றே சொல்லும்.

திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். அந்த நேரம் பார்த்து நிஜ மீட்டர் வேலை செய்யவில்லை. ஊர் முன்னால் அசடு வழிய மனமில்லை. பொய் மீட்டரைக் கொடுத்தேன். பதினாறு என்றது; கை தட்டினார்கள். மறுநாள் மாற்றிவிட நினைத்தேன். அதற்குள் மழையில் நனைந்த குறுவை நெல்லெல்லாம் தேறிவிட, ஊரே என்னைக் கொண்டாடியது. விட்டுவிட்டேன்.

களத்தில் கணினி பார்த்த அனுராதாதான் கேட்டாள். “மதி அண்ணே, நெல்லு கையில ஒட்டுது, இது பதினாறுங்குது. ஒரு தடவ வந்து பாருங்களேன்.”

“மெஷின் பொய் சொல்லாதும்மா” என்றேன்.

கிடங்கில் நெல் சூடேறி, முளைத்து, நாறியது. குழுத் தலைவர் வைத்தியலிங்கம் என்னை அழைத்து, “தம்பி, இது யாரு பண்ணுன வேலைன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

எந்த மீட்டர் என்று கொடுத்தவர் பெயர் புரோகிராமில் பதிவாகியிருக்கும். என் பெயர்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு அனுராதா என்று போட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

கைநீட்டி வாங்கிக்கொண்டு ஈர நெல்லை விட்டாள் என்று ஊர் பேசியது. கூட்டத்தில் அவள் யாரிடமும் வாதாடவில்லை. “அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே” என்று என்னை மட்டும் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த வாரம் அவளைக் குடமுருட்டி ஆற்றிலிருந்து தூக்கி வந்தார்கள்.

வெட்கமாக இருக்கிறது, ஐயா. அவள் அம்மா இருக்கும் தெரு வழியே போக முடியவில்லை. அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் புரோகிராமில் பிழை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை நான் நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.