சேலை விரிச்ச பாறை

ரொம்பக் காலத்துக்கு முந்தி. எம்புட்டுக் காலம்னு கேக்காதீங்க, கேட்டா எனக்குக் கோவம் வரும். இந்தப் பக்கம் ரயிலு வராத காலம். நெழலைக் காலால அளந்து நேரம் சொன்ன காலம். அப்ப நம்ம தும்பக்குளத்துல ஒச்சம்மா ஒச்சம்மான்னு ஒரு மருத்துவச்சி இருந்தாளாம். பிள்ளை பெறக்கப் பாக்குறவ. ம் கொட்டுங்கப்பா, நான் என்ன செவத்துகிட்டயா பேசிக்கிட்டு இருக்கேன்?

ஒச்சம்மா கைக்கு ஊரே கும்பிடு போடுமாம். கொறுக்க கெடக்குற பிள்ளையத் திருப்பிருவா. கொடி சுத்துன பிள்ளையக் கொண்டாந்துருவா. மீசை மொளைச்சவன்ல இருந்து தவழுறது வரைக்கும் அவ கையில விழுந்ததுகதானாம். அதனால அவளுக்குக் கொஞ்சம் தெனாவெட்டு. கொஞ்சமா, நெறையவே! யாராச்சும், "ஏன் ஒச்சம்மா, இப்படிப் பண்ணா என்ன?"ன்னு வாயைத் தொறந்தாப் போதும், ரெண்டு கையையும் மூஞ்சிக்கு நேரா நீட்டுவாளாம். "என் கை பாக்காத பிள்ளையா?" அம்புட்டுத்தான். கேட்டவ வாயை மூடிக்கிட்டுப் போயிருவாளாம்.

அந்த வருசம் பெரிய வீட்டு மருமக வெள்ளைத்தாயிக்குத் தலைப்பிரசவம். காலையில பிடிச்ச வலி, உச்சிவெயிலுக்குப் பிள்ளை விழுந்துருச்சு. பொம்பளப் பிள்ளை. வீல்னு கத்திருச்சு. எல்லாரும் சிரிச்சாகளாம். ஒச்சம்மா மட்டும் சிரிக்கல. ஏன்னா ரத்தம் நிக்கல.

"துணி! துணி குடுங்க, சீக்கிரம்!"

மாமியார்க்காரி வீரக்கா ஓடிப்போயி ஒரு பழஞ்சேலையக் கொண்டாந்தா. பச்சையும் வெள்ளையுமாக் கட்டம் போட்ட சேலை. ஒச்சம்மா அதை டர்ரு டர்ருன்னு கிழிச்சா. ஒரு கிழிசலை உள்ள வச்சு அமுத்துறா, நனைஞ்சு வருது, எடுத்துப் போடுறா, அடுத்தது வைக்கிறா. அதுவும் நனையுது, எடுத்துப் போடுறா. இப்படி அவ மல்லுக்கட்டிக்கிட்டு இருக்குற நேரத்துல, வெளிய முத்தத்துல நின்னு மாமனார் திருமேனி கத்துறாராம். "ஏ ஒச்சம்மா! தலை எப்ப வந்துச்சு? நெழலு எத்தனை அடி? சோசியர் காத்துக்கிட்டு இருக்காரு!"

இவ அடுத்த கிழிசலை எடுத்து வச்சு அமுத்துறா.

"ஒன்னத்தான் கேக்குறேன், காது கேக்கலையா? நேரம் தப்பிட்டா சாதகம் தப்பிரும்!"

வேற வழியில்லாம, கை உள்ள இருக்கும்போதே வாசப்பக்கம் தலையத் திருப்பிச் சத்தங் குடுத்தாளாம். "ரெண்டடி இருக்கும் ஐயா, ரெண்டடி!" திரும்பிப் பாத்தா ரத்தம் நின்னுபோச்சு. நின்ன சந்தோசத்துல, வச்சதையெல்லாம் எடுத்துட்டோமான்னு அவ பாக்கல. எடுத்துட்டோம்னே நெனைச்சுட்டா. சாதகம் தப்பல. வேற ஒண்ணு தப்பிப்போச்சு.

பிள்ளை பெத்த வீட்டுத் துணியெல்லாம் அந்தக் காலத்துல வெளுக்குறவளுக்கு. இந்த ஊருல வெளுத்தவ பேரு சீனியம்மா. அந்தக் கிழிசலையெல்லாம் மூட்டையாக் கட்டி ஓடைக்குத் தூக்கிட்டுப் போனா. அது நடந்தது முத நாளு.

ரெண்டாம் நாளு வெள்ளைத்தாயி நல்லாத்தான் இருந்தா. மூணாம் நாளு மேலு கனகனன்னு இருந்துச்சு. பால் கட்டுன காய்ச்சல்னு சொன்னாக. நாலாம் நாளு தொட்டாக் கை சுட்டுச்சாம். அறைக்குள்ள ஒரு வாடை. ஒச்சம்மா போயிப் பாத்தா, பச்சிலை அரைச்சுக் குடுத்தா, "சரியாப் போகும் தாயி"ன்னா. சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டா. ஆனா அந்த வாடை அவ மூக்கை விட்டுப் போகல.

அன்னைக்கு அவ வீட்டு வாசலுக்குச் சீனியம்மா வந்தாளாம். வந்து நின்னா. நின்னுக்கிட்டே இருந்தா.

"என்ன சீனியம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அக்கா... ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லித் தொலை."

"அந்தச் சேலையத் தொவைச்சுப் பாறையில காயப் போட்டேன். பிள்ளைக்குப் படுக்கத் தச்சுக் குடுப்போம்னு கட்டத்துக்குக் கட்டம் சேத்து வச்சுப் பாத்தேன். நடுவுல சேரல அக்கா. ஒரு கிழிசல் கொறையுது."

ஒச்சம்மாவுக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "யாருகிட்ட வந்து என்ன பேசுற? என் கை பாக்காத பிள்ளையா? ஓடைத் தண்ணி அடிச்சுட்டுப் போயிருக்கும். நாய் கவ்விட்டுப் போயிருக்கும். போயி உன் சோலியப் பாரு!"

சீனியம்மா போயிட்டா. ஒச்சம்மா கஞ்சிச் சட்டிய எடுத்து வச்சா. ஒரு வாய் குடிச்சா. ரெண்டாவது வாய் எறங்கல. சட்டிய அப்படியே வச்சுட்டு ஓடைக்கு ஓடுனாளாம்.

பாறையில கல்லை வச்சுக் கல்லை வச்சுச் சீனியம்மா சேலைய விரிச்சிருந்தா. இந்தக் கிழிசல் அந்தக் கிழிசலோட சேருது, அது அடுத்ததோட சேருது, மேல கரை, கீழ கரை, எல்லாம் சரி. நடுவுல மட்டும் ரெண்டு சாண் நீளத்துக்குக் கருப்பாப் பாறை தெரியுது. ஒச்சம்மா அந்த எடத்துல உள்ளங்கைய வச்சுப் பாத்தாளாம். பாறை சுட்டுச்சு.

"ஓடையில தேடுனியா?"

"தேடுனேன் அக்கா."

"நல்லாத் தேடுனியா?"

"முழங்கால் தண்ணிதானக்கா. நல்லாத் தேடுனேன்."

அம்புட்டுக்கு மேலயும் ஒச்சம்மாவுக்கு ஆசை விடல. எனக்குன்னா விட்டிருக்குமா? உங்களுக்குன்னா விட்டிருக்குமா? ஓடையில எறங்கித் தானும் தேடுனா. கிடைக்கல. பெரிய வீட்டுக் குப்பைமேட்டைக் கையால கிண்டுனா. கிடைக்கல. மாட்டுக்கொட்டம், வைக்கப்படப்பு, நாய் படுக்குற எடம், எங்கயும் கிடைக்கல. கடேசியா வேலிமுள்ளுல பச்சையா ஒரு துணி ஆடுது! ஓடிப்போயி, முள்ளு கீறக் கீறப் பிச்செடுத்து, மடியில வச்சு ஓடைக்குத் தூக்கிட்டு ஓடியாந்தாளாம். "கிடைச்சிருச்சுடி, கிடைச்சிருச்சு!" பாறையில, அந்தக் கருப்பு எடத்துல வச்சா. பச்சைதான். ஆனா கட்டம் பெருசு. ஒட்டல. திருப்பி வச்சா. ஒட்டல. இழுத்து வச்சா. ஒட்டவே இல்ல.

சீனியம்மா மெதுவாச் சொன்னாளாம். "அக்கா, இது வேற துணி."

ஒச்சம்மா அங்கயே உக்காந்துட்டா. என்ன நெனைச்சிருப்பா? எல்லாரும் நெனைக்கிறதைத்தான் நெனைச்சா. இது எனக்கும் இவளுக்கும் மட்டுந்தான தெரியும். சொன்னா முப்பது வருசப் பேரு போச்சு. இனி எந்த வாசல்ல ஏறுவேன்? ஒருவேளை நாய்தான் தூக்கிட்டுப் போயிருச்சோ? ஒருவேளை நாளைக்குக் காய்ச்சல் விட்டுருமோ? ஒருவேளை, ஒருவேளைன்னு நெனைச்சு நெனைச்சு, காலு மட்டும் பெரிய வீட்டைப் பாத்து நடந்துச்சாம்.

அங்க போனா, முத்தத்துல கூட்டம். கோடாங்கிக்காரரைக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்காக. உடுக்கைய அடிச்சு, கண்ணைச் சொருகி, தலைய ஆட்டி அவரு குறி சொல்றாராம்.

"பச்சை ஒடம்புக்காரி மேல ஒருத்தி ஏறி நிக்கிறா! பிள்ளை பெத்து ஆறாம் நாளு செத்தவ! ஏழு வருசமாத் தாகத்தோட அலையுறவ! மாடத்தி! ஆட்டுக்காரன் பொஞ்சாதி மாடத்தி வந்து நிக்கிறா!"

மாடத்தின்னு கேட்டதும் ஒச்சம்மா வாசக்காலைப் பிடிச்சுக்கிட்டா. ஏன்னா மாடத்திக்கும் அவதான் பிள்ளை எடுத்தா. மாடத்திக்கும் ரத்தம் நிக்கல. மாடத்திக்கும் துணிதான் வச்சா. மாடத்திக்கும் நாலாம் நாளு காய்ச்சல், அஞ்சாம் நாளு வாடை, ஆறாம் நாளு பாடை. காத்துக்கருப்பு அடிச்சுருச்சுன்னு ஊரு சொல்லுச்சு. ஒச்சம்மாவும் ஆமான்னு சொன்னா. அந்தத் துணியத் தீயில போட்டாகளே தவிர யாரும் விரிச்சுப் பாக்கல.

கோடாங்கிக்காரர் ஏதோ வாய்க்கு வந்த பேரைச் சொன்னாரோ என்னமோ. ஆனா ஒச்சம்மாவுக்கு மாடத்தி நெசமாவே எதுக்க வந்து நின்ன மாதிரி இருந்துச்சாம்.

நேரா முத்தத்துக்கு நடுவுல போனா. "உடுக்கைய நிறுத்துங்க."

"ஏ, யாரு அது?"

"நிறுத்துங்கன்னேன். மாடத்தி மேல பழி போடாதீங்க. வெள்ளைத்தாயியப் பிடிச்சிருக்கிறது மாடத்தி இல்ல. நான்தான். என் துணி ஒண்ணு உள்ள நின்னுபோச்சு."

திருமேனி கம்பைத் தூக்கிட்டு வந்தாரு. "கொன்னுருவேன் ஒன்ன! என் வீட்டு மருமகள..."

"அப்பறமாக் கொல்லுங்க ஐயா. இப்ப வெந்நீ வைக்கச் சொல்லுங்க."

வீரக்கா கதவை மறிச்சுக்கிட்டு நின்னாளாம். "இன்னொருக்கா நீ அவளைத் தொடக்கூடாது. தொட விட மாட்டேன்." அதுலயும் ஞாயம் இருக்குல்ல? அப்ப உள்ள இருந்து காய்ஞ்ச தொண்டையில ஒரு சத்தம். வெள்ளைத்தாயி. "அத்தை, அவளை விடுங்க. அவ ஒருத்திதான் என்ன ஆச்சுன்னு சொல்றா."

ஒச்சம்மா கையை வெந்நீயில கழுவுனா, திரும்பவும் கழுவுனா, விளக்கெண்ணெய் தடவுனா. வெள்ளைத்தாயி போட்ட கூப்பாடு தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாம். கடேசியில அது வந்துச்சு. ரெண்டு சாண் கிழிசல், கன்னங்கரேல்னு. அந்த வாடைக்கு நின்னவுகள்லாம் மூக்கைப் பொத்துனாக. ஒச்சம்மா பொத்தல.

சீனியம்மா மத்த கிழிசலையெல்லாம் வாரிக் கொண்டாந்து முத்தத்துல பரப்புனா. இதைத் தண்ணியில அலசி நடுவுல வச்சா. கட்டத்துக்குக் கட்டம் சேந்துருச்சு. சீனியம்மாதான் சொன்னாளாம். "முழுசா இருக்கு அக்கா. இனி உள்ள எதுவும் இல்ல."

துணி வந்ததும் காய்ச்சல் விட்டுருச்சுன்னு நெனைக்கிறீங்களாக்கும்? விடல. அஞ்சாம் நாளு விடல. ஆறாம் நாளு வந்துச்சு, மாடத்தி போன அதே ஆறாம் நாளு. ஒச்சம்மா அறை வாசல்லயே கெடந்தா. மூச்சு வருதா, மூச்சு வருதான்னு காதை வச்சுக் கேட்டுக்கிட்டே கெடந்தா. திருமேனி போகையில வரையில, "அவ போனா நீயும் போவ"ன்னு சொல்லிக்கிட்டே போவாராம். ஏழாம் நாளும் விடல, எட்டாம் நாளும் விடல. ஒம்பதாம் நாளு காலையில வெள்ளைத்தாயிக்குக் குப்புன்னு வேர்த்துச்சு. கண்ணைத் தொறந்து, "பசிக்குது"ன்னா. ஒச்சம்மா அழுத அழுகைய அந்த வீடு அதுக்கு முந்தியும் கேட்டதில்ல, பிந்தியும் கேட்டதில்லையாம்.

இதோட கதை முடிஞ்சுதுன்னு எந்திரிச்சா எப்படி? உக்காரு.

அழுது முடிச்சவ வீட்டுக்குப் போகல. ஊருக் கடேசியில இருந்த ஆட்டுக்காரன் கருத்தபாண்டி குடிசைக்குப் போனா. மாடத்தி புருசன். அவனும் அவன் மக இருளாயியும் மட்டும் இருக்காக. ஏழு வயசுப் பிள்ளை. பேயாப் போனவ மகன்னு அந்தப் பிள்ளைய எந்தப் பிள்ளை பெத்த வீட்டுலயும், எந்தக் கல்யாண வீட்டுலயும் வாசல்ல நிக்க விட மாட்டாகளாம். நிக்க விடாதவுக எல்லாம் இந்த ஊருக்காரவுகதான்.

"கருத்தபாண்டி, உன் பொஞ்சாதிய எந்தக் காத்தும் அடிக்கலப்பா. என் கைதான் அடிச்சிருக்கும்னு நெனைக்கிறேன். நெசமாத் தெரியாது. தெரிஞ்சுக்க வழியும் இல்லாமப் பண்ணிட்டேன்."

அவன் ஆட்டுக்குத் தழைய அள்ளிப் போட்டானாம். பெறகு சொன்னான். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? ஏழு வருசமாப் பேய்னு சொன்னது ஊரு. போயி ஊருகிட்டச் சொல்லு."

மறுநாளு ஊரைக் கூட்டி, ஓடைப் பாறை மேல ஏறி நின்னு சொன்னாளாம். மாடத்திய, வெள்ளைத்தாயிய, நெழலுக்குத் தலையத் திருப்புனதை, சீனியம்மா மேல எரிஞ்சு விழுந்ததை, ஒண்ணு விடாமச் சொன்னா. திருமேனி தலையக் குனிஞ்சுக்கிட்டாராம். "இனிமே என்னையும் நம்பாதீங்க, எவளையும் நம்பாதீங்க. விரிச்சுப் பாருங்க"ன்னா. "பிள்ளை எடுத்தவ வாயால முழுசுன்னு சொல்லக்கூடாது. வேற ஒருத்தி பாத்துச் சொல்லணும். சொல்ற வரைக்கும் பிள்ளை எடுக்குறவகிட்ட யாரும் எதையும் கேக்கக்கூடாது. நேரங்கூடக் கேக்கக்கூடாது."

"சரி, யாரு பாத்துச் சொல்றது?"ன்னு கூட்டத்துல கேட்டிருக்காக.

ஒச்சம்மா எறங்கிப் போயி, கடேசியில ஒதுங்கி நின்ன இருளாயி கையப் பிடிச்சுக் கூட்டியாந்தாளாம்.

அன்னையில இருந்து அந்த ஓடைப் பாறைக்குச் சேலைப்பாறைன்னு பேரு. அன்னையில இருந்து இந்த ஊருல பிள்ளை பெறந்தா, ஒரே சேலையத்தான் கிழிப்பாக. கிழிச்சதைப் பாறையில ஒட்ட வச்சு விரிப்பாக. இப்ப எல்லாரும் ஆசுபத்திரியிலதான் பெத்துக்கிறாக, கிழிக்கிறதுக்கு வேலை இல்ல. ஆனாலும் பிள்ளையத் தூக்கிட்டு வந்ததும் ஒரு பழஞ்சேலைய அங்க கொண்டுபோயி விரிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழைவாக. நேத்து ஒரு பிள்ளை பெறந்த வீட்டுக்காரவுக என்னைய அங்க கூட்டிட்டுப் போனப்போ பாத்துட்டு, "என்ன, ஆளே இல்லாத பாறையப் பாத்து, 'மாடத்தி, முழுசா இருக்கு தாயி'ன்னு சொல்றீகளே, யாரு அது?"ன்னு கேட்டீகல்ல? அதுக்குத்தான் இம்புட்டும்.

அதை எதுக்கு என்னையக் கூட்டிட்டுப் போயிச் சொல்லச் சொல்றாகன்னும் கேட்டீக. இருளாயி எங்க பூட்டி. அவ வழியில வந்தவதான் பாத்துச் சொல்லணும். மொத மொதல்ல அந்தப் பாறையில குனிஞ்சு பாத்து அவதான் அதைச் சொன்னா. ஆத்தா மொகம் பாக்காத அந்தப் பிள்ளை, தன் ஆத்தாகிட்டப் பேசுன மொதப் பேச்சே அதுதானாம்.