பொங்கல் கிழமைக் கம்பி

மறியல் சிறையில் தருகிற பருப்பில் எனக்கு முறைப்பாடு இல்லை. குற்றப்பத்திரத்தில்தான் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பத்திரமே செல்லாது என்று மேன்முறையீடு செய்யச் சொன்னேன். சட்டத்தரணி பத்மாசனி நெற்றியைத் தடவினார்.

"கிருசாந்தன் தம்பி, கவனயீனமாய் மரணம் விளைவிச்சது எண்டுதான் போட்டிருக்கிறாங்கள். அடுத்த வருசம் வெளியில வந்திடுவீர். பேசாமல் இரும்."

"பிழையா எழுதிப்போட்டுப் பேசாமல் இரு எண்டால் எப்பிடி மிஸ்?"

எங்கள் வயல் உடையார்கட்டில், வாய்க்காலின் கடைசியில். மேல்வயல் பிரதீபனுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். என் முறைத் தண்ணீரைத் தன் பக்கம் வெட்டிவிடுவான். கேட்டால், "நீ கம்பஸில படிச்சவன் மச்சான், பயிருக்குக் கவிதை வாசி, வளரும்" என்பான். நல்ல பகிடிதான். நானும் சிரித்தேன். பயிர் கருகியது.

பன்றிக்கு வரம்பில் கம்பி கட்டிக் கரண்ட் விடுவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற களவு. வற்றாப்பளை அம்மன் பொங்கல் கிழமையின் ஏழு நாளும் மட்டும் ஒருவரும் விடுவதில்லை. அந்தக் கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தின்னமாட்டோம், உயிரும் எடுக்கமாட்டோம். பன்றிகள் வந்து ஆறுதலாகத் தின்னும்.

அந்தக் கிழமைதான், விடிகிற நேரம், பிரதீபன் மண்வெட்டியோடு வெறுங்காலில் என் வரம்புக்கு வந்தான். நான் மோட்டர்க் கொட்டிலில் நின்றேன்.

"கரண்ட் கிடக்கோ மச்சான்?" என்றான். பிறகு தானே சிரித்தான். "பொங்கல் கிழமையில கேக்கிறன் பார், விசரன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பதிலையும் அவனே சொல்லிவிட்டான். மண்வெட்டிதான் முதலில் விழுந்தது. சுவிட்சை அணைக்க எனக்கு அவசரம் இருக்கவில்லை.

இங்கேயும் விடியற்புறம் அதே கேள்வி கேட்கிறது. "ஓம் மச்சான், கிடக்கு" என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். பக்கத்துப் பாயில் படுக்கிறவர் ஏசுவார். பிரதீபனுக்கு மட்டும் காது கேட்பதில்லை. ஈர வரம்பில் கால் வைக்கிற சத்தம் வரும்.

அது கிடக்கட்டும். 'பன்றியைக் கொல்லும் நோக்கத்துடன் மின்சாரம் பாய்ச்சினார்' என்ற வரியைப் பத்மாசனிக்குக் காட்டினேன்.

"இதை அம்மா வாசிச்சால் என்ன நினைப்பா மிஸ்? பொங்கல் கிழமையில பண்டிக்கு நான் ஒரு நாளும் கரண்ட் விட்டதில்லை."

அவர் பேனையை மூடினார். "அப்ப ஆருக்கு விட்டனீர்?"

"பிரதீபனுக்குத்தான். பண்டி எண்டதை வெட்டிப்போட்டு அவன்ர பேரைப் போடுங்கோ மிஸ். நான் விரதம் பிடிக்கிற ஆள்."