அம்மா பார்த்தும் விக்கெட் விழவில்லை

"பாரும்மா. இன்னிக்கு நீ பாத்தாலும் நாம தோக்க மாட்டோம்."

பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறியதும் இது காதில் விழுந்தது. எதிரே அம்மாவும் மகளும். மகள் மடியில் பேட், கையில் போன். போனில் நம் பெண்கள் அணியின் ஒருநாள் போட்டி. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

"வேணாம்டி. உன் மேட்ச்சுக்கு ஒரே ஒரு தடவ வந்தேன். முதல் பால்லயே நீ அவுட்டாயிட்ட."

"நான் தப்பா ஆடினேன், அவுட்டானேன். அதுக்காக அப்புறம் வரவே மாட்டியா? எல்லார் அம்மாவும் வராங்கம்மா."

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னும் எவ்ளோ வேணும்?"

"பத்து ரன். நம்ம விக்கெட் ஒண்ணு கூட போகல."

அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தார். குரோம்பேட்டை போனது. சானடோரியமும் போனது. விக்கெட் விழவில்லை. கடைசியில் ஒரு பவுண்டரி. ஜெயித்துவிட்டார்கள்.

மகள் போனை விட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள்.

தாம்பரத்தில் இறங்கும்போது பேட்டை அம்மா வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு மாடம்பாக்கத்துல மேட்ச் எத்தன மணிக்குடி?"

"ஏழுக்கு. வரியா?"

"வரேன். நீ முதல் ரன் எடுக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பி நிப்பேன். எடுத்ததும் கத்து."