அடுப்பு இருந்தால் வீடு

வகைப்படுத்தத் தெரியாத நாடு வளராது. வளரும் சந்தைகளைப் பற்றிய ஒன்பது கருத்தரங்குகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு என்பதால் கைதட்டல் பலமாகவே இருந்தது.

மெத்தைப் பட்டறைக்கு ஏன் அந்த வகை என்று கேட்கிறீர்கள், விசாரணை அதிகாரி ஐயா. தொழில்கள் மூன்று வகை: வீட்டுத் தொழில், சிறுதொழில், தொழிற்சாலை. தொழிற்சாலை என்றால் இரண்டு கதவு வேண்டும். வேலை நேரத்தில் வெளிப்பூட்டு கூடாது. வீட்டுத் தொழில் என்றால் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் தீர்க்க நானே ஒரு விதி எழுதினேன்: உள்ளே அடுப்பு இருந்தால் அது வீடு.

முதலாளி பூட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டார். பதினான்கு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் அடுப்பு. குறித்துக்கொண்டேன்.

"அது பசை காய்ச்சற அடுப்பு சார்," என்றாள் மூத்த தையல்காரி.

"அடுப்பு அடுப்புதாம்மா."

"வீட்டுல யாராவது பதினாலு பேர உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவாங்களா? தொழிற்சாலைன்னு எழுதுங்க சார். இன்னொரு கதவு வச்சே ஆகணும்ல."

"எனக்கே சொல்லித்தர்றியா?"

அடுப்பை அளக்கத் திரும்பிக் குனிந்தேன். பின்னால் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூத்தவள் ஊசியும் நூலுமாக எழுந்து வந்து, "ஒரு நிமிஷம் நில்லுங்க சார்," என்றாள். பதினோரு வருடம் உழைத்து எழுதிய விதி அது. நான் நிற்கவில்லை.

அன்றே முத்திரை வைக்கவும் இல்லை. அவசரப்படுகிறவன் அல்ல நான். மறுநாள் காலை, நிதானமாக, 'வீட்டுத் தொழில்' என்று எழுதி அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்து அடுப்பிலிருந்து தீ பஞ்சுக்குத் தாவியது. சாவி முதலாளியின் சட்டைப்பையில், முதலாளி கடைத்தெருவில். பதினோரு பேர் போய்விட்டார்கள். மூத்தவள் கதவடியில் கிடந்தாளாம். தீயணைப்பு அறிக்கையில் 'வீட்டுத் தீவிபத்து' என்று போட்டிருக்கிறார்கள். வகை சரிதான்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அவர்கள் சிரித்தது என் விதியைப் பார்த்து இல்லை என்று அன்று மாலையே எனக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள்: "நாள் பூரா இப்படியேவா சுத்துனீங்க?"

பேன்ட்டின் பின்பக்கம் ஒரு சாண் அளவுக்குத் தையல் விட்டிருந்தது.