மூன்று பத்துக்கு மூடிய வால்வு

தலைவர் அருளம்பலம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கிண்ணியாவிலிருந்து பாதைப் படகேறித் துறை கடந்து வந்திருக்கும் சொந்தங்களே, பாலையூற்றிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து இன்னும் வியர்வை துடைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே!

முதலில், கடைசியாகக் கிடைத்த செய்தி. இன்று பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, டொக்டர் பூரணியின் கண் சிகிச்சை நிலையத்தில், சத்திரசிகிச்சை அறைக் குளிரூட்டியின் வால்வு மூடப்பட்டது. வெற்றிட மானியின் ஊசி இருபத்தொன்பதரை அங்குலத்தில் நின்றது. தகவல் தந்தவர் குணரத்தினம். வால்வை மூடியவரும் அவரே. இதோ, முன்வரிசையில், சட்டைக் கையில் எண்ணெய்க் கறையோடு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் நேரில் போய் ஊசியைப் பார்த்துவிட்டே வந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் இது என்ன கதை என்று கேட்பீர்கள். நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? கடந்த வெள்ளிக்கிழமை காலை நம்மைப் பிரிந்த மர்ஹூம் கலீலுர் றஹ்மானுக்காக. இந்தத் துறைமுகப் பட்டினம் முழுவதும் 'றஹ்மான் பாஸ்' என்று அழைத்த அந்தக் குளிரூட்டி மெக்கானிக் பாதியில் விட்டுப்போன வேலைதான் அது! அவருடன் பதினெட்டு வருடம் வேலை செய்த குணரத்தினம் அதை முடிக்கப் பார்க்கிறார்.

சனிக்கிழமை காலை கொழும்பிலிருந்து கண் நிபுணர் வருகிறார். வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். கண்ணில் வெள்ளை விழுந்த இருபத்திரண்டு பேர் காத்திருக்கிறார்கள். திரியாயிலிருந்து வந்திருக்கும் தங்கரத்தினம் அம்மாவுக்கு மூன்று வருடமாக நெல்லுக்கும் பதருக்கும் வேறுபாடு தெரியவில்லை. தூசி வராமல் சன்னல்களை அடைத்த அறைக்குள், குளிரூட்டி இல்லாமல், நாள் முழுக்கக் கண்ணில் கத்தி வைக்க ஏலாது என்று நிபுணர் எழுதிவிட்டார். இயந்திரத்தில் இருந்த குளிரூட்டும் காஸ் முழுவதும் ஒழுகிப் போய்விட்டது. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் இந்த ஊரில் மிஞ்சியிருப்பது ஒரேயொரு சிலிண்டர். ஒருமுறை நிரப்பத்தான் காணும். ஒழுக்கு மிஞ்சியிருக்கும் குழாய்க்குள் அதை விட்டால் காஸும் போய்விடும், இருபத்திரண்டு பேருக்கும் இன்னொரு வருடமும் போய்விடும்.

றஹ்மான் பாஸ் எப்படி வேலை செய்தார்? ஒழுக்கை அடைத்த பின் பம்பைப் பூட்டி, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். நம் கடற்காற்றின் ஈரம் ஒரு துளி உள்ளே மிஞ்சினாலும் பனிக்கட்டியாகி நுண்குழாயை அடைத்துவிடும். பிறகு வால்வை மூடுவார். பிறகு? பாதையேறிக் கிண்ணியாவுக்குப் போய்விடுவார்! வீட்டில் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பாதையில் திரும்புவார். அதற்கு இரண்டு மணித்தியாலம் ஆகும். ஊசி விட்ட இடத்தில் நின்றால்தான் சிலிண்டரைத் தொடுவார். கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரர்களிடம் தொழில் பழகினார். இந்தச் சாப்பாட்டு விதி மட்டும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

இதை அறியாத ஒரு மடையன் 1963இல் பத்திரிகையில் எழுதினான்: 'வெயிலில் வாடும் படமாளிகை ரசிகர்கள், இயந்திரத்தைத் திறந்தபடி விட்டு மெக்கானிக் மாயம்.' அந்த மடையன் இப்போது உங்கள் முன் பேசிக்கொண்டிருக்கிறான். மறுநாள் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

"ரிப்போட்டர் தம்பி, நான் மாயமாப் போனது எத்தினை மணிக்கு?"

"பன்னிரண்டு மணிக்கு."

"திரும்பி வந்தது?"

"அது தெரியாது. நான் செய்தியை அனுப்பிப்போட்டன்."

"அப்ப நீங்கதான் ஊசியைப் பார்க்காமலே காஸ் விட்ட ஆள்!"

திருத்தம் வெளியிட்டோம். ஆறாம் பக்கத்தில், ஒரு அங்குலம். அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தும் முதலாளிமாருக்கெல்லாம் காட்டினார். "பாருங்க, நான் சாப்பிடப் போறதைப் பேப்பரே ஏத்துக்கொண்டிட்டுது" என்பார். எத்தனை விளம்பரங்கள் எழுதியிருப்பேன்! இப்படிப் பலன் தந்த விளம்பரம் வேறில்லை. அன்றிலிருந்து எந்தச் செய்தியையும் இரண்டாம்முறை விசாரிக்காமல் நான் அனுப்பியதில்லை. எனக்குப் பத்திரிகைத் தொழில் கற்றுத் தந்தவர் பத்திரிகை ஆசிரியர் அல்லர், ஐயா. ஒரு குளிரூட்டி மெக்கானிக்!

இனி, இந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது. குணரத்தினம் தனியாகப் பம்பை ஓட்டி வால்வை மூடினார். அரை மணித்தியாலம் ஊசி அசையவில்லை. டொக்டர் பூரணி கேட்டார்: "ஊசி நிக்குதுதானே குணம்? இன்னும் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீங்கள்?"

குணரத்தினம் சிலிண்டரில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "பொறுங்கோ டொக்டர், நான் சாப்பிட்டு வாறன்" என்றார். "உங்கட வீடு இஞ்ச பக்கத்திலதானே?" என்று டொக்டர் கேட்டார். "அந்த வீட்டில சாப்பிட்டால் ரெண்டு மணித்தியாலம் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பாதைத்துறைக்கு நடந்தார்.

கிண்ணியாவில் றஹ்மான் பாஸின் மனைவி ஜெமீலா, கணவனை இழந்தவர் திரைக்குப் பின் இருக்கும் இத்தாவில் இருக்கிறார். அவருடைய தம்பி முனாப் திரைக்கு அப்பாலும் இப்பாலும் கதை கொண்டுபோனார். முனாப் சொன்னபடி சொல்கிறேன்.

"குணம் ஏன் வந்திருக்கிறாராம்?"

"ஊசி நிக்குதா எண்டு பார்க்க வந்தாராம், ராத்தா."

"ஊசி இஞ்சயா இருக்கு? பசியில வந்திருக்கிறார் போல. சோத்தைப் போட்டுக் குடு. அவசரப்படாமத் திண்டு முடிக்கச் சொல்லு. மீன் முள்ளு கவனம்."

அவர் முள்ளெடுத்துச் சாப்பிட்டார். திரும்பிவந்து பார்த்தபோது ஊசி நான்கு அங்குலம் இறங்கியிருந்தது, காற்று உள்ளே போயிருக்கிறது! குழாயும் வால்வும் சேரும் மரைக்குள் மயிரளவு வெடிப்பு. அன்று காஸை விட்டிருந்தால் இன்று நான் இங்கே எந்த முகத்தோடு நிற்பது? டொக்டர் எந்த முகத்தோடு தங்கரத்தினம் அம்மாவிடம் போவது? றஹ்மான் பாஸ் அடக்கமாகி நான்கு நாளாகியும் அவருடைய சாப்பாட்டு நேரம் அந்தச் சிலிண்டரைக் காத்தது!

நேற்று முழுவதும் அந்த இடத்தைச் சரிசெய்தார். இன்று காலையிலிருந்து பம்ப் ஓடியது. மூன்று பத்துக்கு மூடினார். இந்தக் கூட்டம் இருந்ததால் பாதையேற நேரமில்லை, அந்த இரண்டு மணித்தியாலத்தை இந்த மண்டபத்தில்தான் கழிக்கிறார்... குணம், எழும்பாதையுங்கோ! கதிரையில் இருங்கோ! முனாப், பக்கத்திலதானே இருக்கிறீங்கள், அவருடைய கையைப் பிடியுங்கோ!

சபையோரே, நாம் எடுக்க வேண்டிய உறுதி வேறென்ன? சிலை வேண்டாம். வீதிக்குப் பெயர் வேண்டாம். இந்த ஊரில் நாம் எவரும் எந்த மெக்கானிக்கையும் ஊசிக்கு முன் அவசரப்படுத்தமாட்டோம். அதை இன்றே, இந்த மண்டபத்திலேயே தொடங்குவோம்.

இனி, முடிவாகாமல் இருப்பது. ஊசி நிற்குமா என்பது எனக்குத் தெரியாது. குணரத்தினத்துக்கும் தெரியாது. ஐந்து பத்துக்குத் தெரியவரும். நின்றிருந்தால் ஐந்தரைக்குக் காஸ் உள்ளே போகும். இரவு எட்டு மணிக்குள் அறை குளிரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இப்போது நேரம் நாலு இருபத்தைந்து. எனக்குப் பின் நான்கு பேர் பேச இருக்கிறார்கள். தலைவர் அவர்களே, 'சுருக்கமாகப் பேசவும்' என்று எழுதி அனுப்பும் துண்டை இன்று மட்டும் எவருக்கும் அனுப்பாதீர்கள்.